நீதிபோதனை பீரியட்ல என்னதான் பண்றது? ஹைஸ்கூல் டீச்சர்களுக்கு என் அனுபவத்துல இருந்து

டைம்டேபிள்ல வாரத்துக்கு ஒரு பீரியட் நீதிபோதனைன்னு போட்டிருக்கும், அதுல பாதி வாரம் கணக்கு சாரோ சயின்ஸ் டீச்சரோ போர்ஷன் முடியலன்னு வாங்கிட்டுப் போயிடுவாங்க, மீதி வாரம் நாம போயி ஒரு கதை சொல்லி பொய் பேசக்கூடாது பெரியவங்கள மதிக்கணும்னு முடிச்சுட்டு வந்துடுவோம். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் எடுத்தேன். ஒருநாள் 8ஆம் வகுப்புல, ரோட்டுல 500 ரூபா கிடந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன், மொத்த கிளாஸும் ஒரே குரல்ல "டீச்சர்கிட்ட குடுப்போம்"னு சொல்லுச்சு. அந்தக் குரல்லயே தெரிஞ்சுது, இது அவங்க பதில் இல்ல, எனக்குப் பிடிக்கும்னு அவங்க நினைக்கிற பதில். அதுக்கப்புறம்தான் இந்த பீரியட்ட நான் மாத்துனேன், அதை எப்படின்னு எழுதுறேன், 6ல இருந்து 10 வரைக்கும் எடுக்குற யாருக்கும் உதவும்னு நம்புறேன்.

முதல்ல கேள்விய மாத்துங்க. அதே 500 ரூபாய இப்படிக் கேளுங்க: ரேஷன் கடை வரிசையில ஒரு பையன் நிக்கிறான், முன்னாடி போறவர் பாக்கெட்ல இருந்து 500 ரூபா விழுது, அவர் பைக் எடுத்துட்டுக் கிளம்புறார், பையனோட அம்மா ரெண்டு நாளா சரியா சாப்பிடல, வேற யாரும் பாக்கல, இப்ப அவன் என்ன பண்ணுவான்? "நீ என்ன பண்ணுவ"ன்னு கேக்காதீங்க, "அவன் என்ன பண்ணுவான், ஏன்"னு கேளுங்க. இந்த ஒரு மாத்தத்துலயே கிளாஸ் ரெண்டா பிரியும், கடைசி பெஞ்சு பையன் வாய் திறப்பான். ரெண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தாதான் பிள்ளைங்க யோசிப்பாங்க, ஒரு பக்கம் மட்டும் நியாயம் இருந்தா நம்ம முகத்தப் பாத்து பதில் சொல்லிடுவாங்க. அமெரிக்காவுல லாரன்ஸ் கோல்பர்க்னு ஒரு உளவியலாளர் இந்த மாதிரி சிக்கல் கதைகள வச்சுத்தான் பிள்ளைங்களோட அறச் சிந்தனை எப்படி வளருதுன்னு ஆராய்ச்சி பண்ணாரு, சாகக் கிடக்குற மனைவிக்காக மருந்து திருடுற கணவன் கதை அவர் பயன்படுத்துனதுதான். பதில் ஆமாவா இல்லையாங்கிறத விட, பிள்ளை சொல்ற காரணத்ததான் அவர் கவனிச்சாரு. போலீஸ் பிடிக்கும்னு ஒரு பிள்ளை சொல்லும், ஊர் என்ன சொல்லும்னு ஒண்ணு சொல்லும், பணத்த தொலைச்சவர் வீட்டுலயும் ஒரு அம்மா இருப்பாங்கல்லன்னு ஒண்ணு சொல்லும், அந்த மூணாவது வந்ததும் நிறுத்தி அதை போர்டுல எழுதிப் போடுங்க.

வாதம் நல்லா சூடானதுக்கு அப்புறம் குறளைக் கொண்டாங்க, முன்னாடி இல்ல. 2016ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அறத்துப்பால் பொருட்பால் ரெண்டுலயும் உள்ள 108 அதிகாரத்தையும் 6ல இருந்து 12 வரைக்கும் சொல்லித்தரணும்னு உத்தரவு போட்டுச்சு, ஆனா பல இடத்துல அது மனப்பாடத்தோட நின்னு போகுது, அதுதான் எனக்கு பெரிய வருத்தம். ஏன்னா வள்ளுவர் இந்த 500 ரூபா பையனுக்கு நேராவே பதில் சொல்லியிருக்காரு, "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை", பெத்தவ பசியோட இருக்கிறதப் பாத்தாலும் பழி வர்ற வேலைய செய்யாதேங்கிறாரு. இதைப் போர்டுல எழுதிட்டு, வள்ளுவர் சொல்றது சரியான்னு கேளுங்க. ஆமா, வள்ளுவர் கூடவே வாதாட விடுங்க, அது மரியாதைக் குறைவு இல்ல. ஒரு தடவ 9ஆம் வகுப்பு பொண்ணு ஒண்ணு, இது எந்த இடத்துல வருதுன்னு கேட்டுச்சு, பாத்தா அமைச்சர்களப் பத்தின அமைச்சியல்ல வினைத்தூய்மை அதிகாரம், அப்ப இது பதவியில இருக்கிறவங்களுக்கு சொன்னதா இல்ல பசிக்கிறவனுக்கும் சேத்தாங்கிற கேள்விலயே அன்னிக்கு பீரியட் முடிஞ்சுது. அடுத்த வாரத்துக்கு "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" எடுங்க, குத்தமில்லாத நன்மை வரும்னா பொய்யும் உண்மை மாதிரிதான்னு சொல்ற குறள், ஆஸ்பத்திரில இருக்கிற பாட்டிகிட்ட உண்மைய மறைக்கலாமான்னு கேட்டா ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும்.

இங்க ஒண்ணு கவனிக்கணும். எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் பேசலாம்னு விட்டுறக் கூடாது. சாதியில ஒருத்தர் உசத்தி ஒருத்தர் தாழ்த்திங்கிறது வாதத்துக்கு எடுக்குற தலைப்பு இல்ல, பொண்ணுங்கள அடிக்கலாமாங்கிறதும் இல்ல. ஒரு மனுசனோட மதிப்ப கைதூக்கி ஓட்டுப் போட்டு முடிவு பண்ண முடியாது, அந்த வகுப்புலயே அந்தப் பிள்ளை உக்காந்திருக்கும்ல. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில 2023 ஆகஸ்ட்ல, கூடப் படிக்கிற பசங்களே சாதிப் பகையில ஒரு மாணவன வீடு புகுந்து வெட்டுனதுக்கு அப்புறம் தமிழ்நாடு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டுச்சு, 2024 ஜூன்ல குடுத்த அறிக்கையில சாதியக் காட்டுற கலர் கயிறு கட்டுறது வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க. கயித்த அறுக்கச் சொல்றது ஹெச்.எம் வேலை, கயிறு எதுக்குன்னு பிள்ளையே யோசிக்க வைக்கிறது நம்ம பீரியட் வேலை. யார் என்ன சாதின்னு வகுப்புல கேக்கவே கேக்காதீங்க, அதுக்குப் பதிலா யார் யாரை எந்தப் பட்டப்பேர் வச்சுக் கூப்பிடுறாங்க, கிரிக்கெட் டீம்ல யாரை எப்பவும் பவுண்டரில நிக்க வைக்கிறாங்க, யார் டிபன் பாக்ஸ்ல யார் கை வைக்க மாட்டேங்குறாங்கன்னு பேசுங்க, விஷயம் தானா அங்க வந்து சேரும், வரும்போது நீங்க மழுப்பாம உறுதியா சொல்லணும்.

அடுத்து மதம், பல டீச்சர்ஸ் பயந்து தொடாத இடம். சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சா பயம் போயிடும். அரசியலமைப்பு 28ஆவது பிரிவுப்படி முழுக்க அரசு நிதியில நடக்குற பள்ளிக்கூடத்துல மதபோதனை கூடாது, அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்குற பள்ளிக்கூடத்துல மதபோதனையோ வழிபாடோ நடந்தா பெத்தவங்க சம்மதம் இல்லாம பிள்ளைய அதுல உக்கார வைக்க முடியாது. ஆனா மதங்களப் பத்தி தெரிஞ்சுக்கிறது வேற, மதத்த போதிக்கிறது வேற, 2002ல அருணா ராய் வழக்குல உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தத்தான் சொல்லுச்சு. சாமி கும்பிட சொல்லித்தரக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் ஏன் அப்படி கும்பிடுறார்னு சொல்லித்தரலாம்.

இதுக்கு நான் வச்சிருக்கிற சின்ன வழி, வாக்கியத்த எப்பவும் "முஸ்லிம்கள் இப்படி நம்புறாங்க", "கிறிஸ்தவங்க இப்படி நம்புறாங்க", "சைவங்க இப்படி நம்புறாங்க", "கடவுள் இல்லைன்னு சொல்றவங்க இப்படி நினைக்கிறாங்க"ன்னு முடிக்கிறது. என் மதத்துக்கும் அதே வாக்கியம்தான், அங்க மட்டும் "அதுதான் உண்மை"ன்னு நழுவிடக் கூடாது. பெரியார் வழியில வளர்ற பிள்ளைங்க நம்ம வகுப்புல கண்டிப்பா இருப்பாங்க, அவங்களுக்கும் அறம் இருக்கு, அவங்க வீட்டையும் ஒரு வீடா சேத்துப் பேசணும். அப்புறம் ஒரு பிள்ளைய எழுப்பி "உங்க மதத்துல என்ன சொல்றாங்க சொல்லு"ன்னு கேக்காதீங்க, 13 வயசுப் பிள்ளை ஒரு மதத்துக்கே பிரதிநிதி கிடையாது, தெரியலன்னா அதுக்கு அவமானம் வேற.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, நோன்புல ஆரம்பிங்க. யார் வீட்ல யார் விரதம் இருக்காங்க, எத்தன நாள், என்ன சாப்பிட மாட்டாங்க, எதுக்காகன்னு வீட்ல கேட்டு எழுதிட்டு வரச் சொல்லுங்க, விரதமே இல்லாத வீடுன்னா ஏன் இல்லன்னு கேட்டு வரட்டும். ரமலான் நோன்பு, சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள், ஈஸ்டருக்கு முன்னாடி தவக்காலம் 40 நாள், ஆடி மாசம் அம்மனுக்கு, இதெல்லாம் ஒரே போர்டுல பக்கம் பக்கமா வந்து நிக்கும்போது பிள்ளைங்களே ஒத்துமையும் வித்தியாசமும் கண்டுபிடிப்பாங்க, நாம ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. நோன்புக் கஞ்சி எல்லாருக்கும் பிடிக்கும், அத வச்சே பாதி பேச்சு ஓடிடும். எல்லாம் ஒண்ணுதான்னு அவசரமா மூடிடாதீங்க, வித்தியாசமும் இருக்கு, அது இருந்தா ஒண்ணும் குறைஞ்சு போகாது.

ஊர்க் கதையும் எடுங்க. நாகூர் தர்காவுல இருக்கிற அஞ்சு மினாராவுல உயரமானத கட்டிக் குடுத்தது தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப் சிங், வேளாங்கண்ணிக்கு மொட்டை போட வர்றவங்கள்ல எத்தனையோ பேர் இந்துக்கள், மதுரையச் சுத்தி மலையெல்லாம் சமணர் படுக்கை. தமிழ் டீச்சரா இருந்தா இன்னும் சுலபம், மணிமேகலை பௌத்தம், சீறாப்புராணம் நபி வரலாறு, தேம்பாவணி இத்தாலியில இருந்து வந்த வீரமாமுனிவர் பாடுனது, கம்பராமாயணம் பத்தி சொல்லவே வேண்டாம், நம்ம இலக்கியமே இந்த சிலபஸ்தான்.

வெளியாள கூட்டிட்டு வந்து பேச வைக்கிறதுல மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. 2024ல சென்னையில ஒரு அரசுப் பள்ளியில பேச வந்தவர், மாற்றுத்திறனாளியா பிறக்கிறது முன்ஜென்மத்துப் பாவம்ங்கிற மாதிரி பேச, பார்வை இல்லாத தமிழாசிரியர் ஒருத்தர் அங்கயே எழுந்து கேள்வி கேட்டாரு. எனக்கு அவர்தான் அன்னிக்கு நீதிபோதனை எடுத்தவர். அந்த வாரம் நான் 10ஆம் வகுப்புல "அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை" எடுத்தேன். பல்லக்கு தூக்குறவனையும் அதுல ஏறிப் போறவனையும் பாத்தாலே அறத்தோட பலன் தெரிஞ்சுடும், தனியா சொல்ல வேண்டாம்னு பரிமேலழகர் உரை, அவங்க ரெண்டு பேர் நிலையக் காட்டி இதுதான் அறத்தோட பலன்னு சொல்லவே சொல்லாதன்னு வேற சிலர் உரை. ஒரே ரெண்டு வரி, நேர் எதிரான ரெண்டு அர்த்தம். எது சரின்னு நான் சொல்லல, பல்லக்கத் தூக்குறவன் இதைக் கேட்டா அவனுக்கு எப்படி இருக்கும்னு மட்டும் கேட்டேன், ரொம்ப நேரம் யாரும் பேசல, அப்புறம் எல்லாரும் பேசுனாங்க.

சுய முன்னேற்றம்னு வரும்போது மேடைப் பேச்சு வேண்டாம், கேள்விப் பெட்டி போதும். ஒரு அட்டைப் பெட்டி, பேர் எழுதாத சீட்டு, எல்லாரும் ஏதாவது ஒண்ணு எழுதணும், கேள்வி இல்லாதவங்க இன்னிக்கு என்ன சாப்பிட்டாங்கன்னு எழுதட்டும், அப்பதான் யார் எழுதுறா யார் எழுதலன்னு தெரியாது. கோபம் வந்தா கை ஓங்குது, போன் இல்லாம தூக்கம் வரல, அப்பா குடிச்சுட்டு வர்றாரு, ஒரு பையன் லெட்டர் குடுத்தான்னு எல்லாம் வரும். உடனே பதில் சொல்லாதீங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி படிச்சுட்டு அடுத்த வாரம் பேசுங்க. ஒரு தடவ நான் குடிப்பழக்கம் பத்தி ஆவேசமா பேசிட்டேன், குடிக்கிறவன் மனுசனே இல்லன்னு, ஒரு பொண்ணு டெஸ்க்ல தலை கவுந்து படுத்துடுச்சு, அவங்க அப்பாவ நான்தான் வகுப்பு முன்னாடி வச்சு திட்டியிருக்கேன். அதுல இருந்து பழக்கத்த மட்டும்தான் பேசுவேன், ஆள பேச மாட்டேன்.

முதல் நாளே ஒண்ணு தெளிவா சொல்லிடுங்க, நான் ரகசியம் காப்பேன், ஆனா உங்களுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன்னு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிடாதீங்க, 2012ல வந்த போக்சோ சட்டப்படி பிள்ளைங்க மேல நடக்குற பாலியல் துன்புறுத்தல் தெரிஞ்சும் புகார் குடுக்காம இருந்தா அதுவே குத்தம். அப்படி ஒரு சீட்டு வந்தா கையெழுத்த வச்சு வகுப்புல துப்பறியாதீங்க, எல்லாருக்கும் பொதுவா குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417 ரெண்டு நம்பரையும் எழுத வச்சு, பள்ளி முடிஞ்சு நான் அரை மணி நேரம் ஸ்டாஃப் ரூம்ல இருப்பேன்னு சொல்லுங்க, பெரும்பாலும் அந்தப் பிள்ளை வாசல்ல வந்து நிக்கும். அப்ப துருவித் துருவி கேக்காம சொல்றத சொல்றபடி கேட்டு குறிச்சுக்கங்க, அன்னிக்கே ஹெச்.எம்கிட்ட போங்க, அவர் தயங்குனாலும் 1098க்கு நீங்களே போன் பண்ணலாம்.

மார்க் போடாதீங்க, போட்டா திரும்பவும் அந்த ஒரே குரல் பதில்தான் வரும். தனி நோட்டு ஒண்ணு போதும், வாரம் அஞ்சு வரி, டீச்சர் படிக்க வேண்டாம்னு நினைக்கிற பக்கத்த மடிச்சு வைக்கலாம், மடிச்ச பக்கத்த நான் இதுவரைக்கும் திறந்ததில்ல. ஜூன்ல 500 ரூபா கதையோட ஆரம்பிங்க, கேள்விப் பெட்டிய ஆகஸ்ட்டுக்கு முன்னாடி வைக்காதீங்க, உங்கள நம்புறதுக்கு பிள்ளைங்களுக்கு அவ்வளவு நாள் ஆகும். கணக்கு சார் பீரியட் கேட்டா, மாத்தி வேற பீரியட் குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கங்க.