லீவில் வருகிறவரைக் கூட்டிவர விமான நிலையம் போகும்போது

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில், லீவில் வரும் அவரைக் கூட்டிவர எத்தனையோ தடவை விமான நிலைய வாசலில் நின்றிருக்கிறேன். முதல் தடவையாகப் போகிறவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

லீவு கிடைத்துவிட்டது என்று கேட்டதும் எல்லோரிடமும் சொல்லத் தோன்றும். பொறுங்கள். கையெழுத்தான லீவும் கடைசி நாளில் தள்ளிப்போவதுண்டு. பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவோம். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயசு. தினமும் காலண்டர் தாளைக் கிழித்து அப்பா வரும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். வரவில்லை என்றதும் மிச்சத் தாள்களையும் மொத்தமாகக் கிழித்துப் போட்டாள். அன்றிலிருந்து, "ஏறி உட்கார்ந்துட்டேன்" என்று அவர் போனில் சொன்ன பிறகுதான் பிள்ளைகளிடம் வாய் திறக்கிறேன்.

டிக்கெட்டின் படத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். முதலில் தேதியைப் பாருங்கள். 14-ஆம் தேதி 00:20 என்று போட்டிருந்தால், நீங்கள் கிளம்ப வேண்டியது 13-ஆம் தேதி ராத்திரி. ஒரு தடவை இதைக் கவனிக்காமல் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணிக்கு அவர் போன்: "எங்கம்மா நிக்கிற?" அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். இறங்கும் நேரம் நம் நேரம்தான். கூட்டிக் கழிக்க வேண்டாம். டெர்மினல் எது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரே விமானத்துக்கு இரண்டு கம்பெனிகளின் எண் இருப்பதுண்டு. போர்டில் உங்கள் எண் தெரியாவிட்டால், புறப்பட்ட ஊரையும் நேரத்தையும் வைத்துத் தேடுங்கள்.

ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் விமானம் வருவதைப் பார்க்கலாம். விமானம் தன் இருப்பிடத்தைச் சிக்னலாக அனுப்பிக்கொண்டே போகும்; தரையில் உள்ள கருவிகள் அதை வாங்கி வரைபடத்தில் காட்டுகின்றன. நடுக்கடலில் அந்தக் கருவிகள் கிடையாது. அதனால் கடல்மேல் புள்ளி மறைந்தால் பதறாதீர்கள். இதை யாரும் சொல்லித்தராமல் நான் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அழுதிருக்கிறேன். 'தரையிறங்கியது' என்று வந்தாலும் ஆள் உடனே வெளியே வரமாட்டார். வெளிநாட்டு விமானம் என்றால் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி வரும் பெல்ட், சுங்கம் எல்லாம் தாண்டி வர ஒரு மணி நேரம்கூட ஆகும். முல்லைத் திணையில் தலைவன் பாகனிடம் தேரை விரைந்து ஓட்டச் சொல்வான்; இந்த வாசலில் யாரை விரட்டுவது? இருத்தல்தான் நம் வேலை.

யார் யார் போவது என்பதை வண்டியில் உள்ள இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஆசையில் எல்லோரும் ஏறிப் போனால், திரும்பும்போது அவருக்கும் அவர் கிட் பேக்குக்கும் இடம் இருக்காது. அவர் அம்மா வந்தால் அம்மாவை முன்னால் விடுங்கள். நமக்கு வீட்டில் நேரம் இருக்கிறது.

கம்பியை ஒட்டி முட்டி மோதி நிற்காதீர்கள். டிராலிகள் திரும்பும் இடத்தைத் தாண்டி, சற்றே ஒதுங்கி, அவர் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி நில்லுங்கள். கூட்டத்தைப் பார்வையால் அலசுவது அவர்களுக்குப் பழக்கம். நீங்கள் பார்ப்பதற்கு முன்பே அவர் உங்களைப் பார்த்துவிடுவார். பின்னாலிருந்து போய்க் கட்டிப்பிடிப்பதும் கண்ணைப் பொத்துவதும் வேண்டவே வேண்டாம்.

பலூனும் வேண்டாம். ஒரு தடவை மைத்துனர் பிள்ளைகள் கொத்தாகக் கொண்டுவந்தார்கள், ஒன்று வெடித்தது. அவர் கண்ணிமைக்கும் நேரத்தில் மகளை இழுத்துத் தன் மார்போடு சேர்த்து, முதுகைச் சத்தம் வந்த பக்கம் திருப்பிக் குனிந்துவிட்டார். சுற்றிலும் சிரித்தார்கள். நிமிர்ந்தபோது அவர் காது மடல் சிவந்திருந்தது. பிள்ளை கையால் எழுதிய ஒரு அட்டை போதும். அதிலும் பதவியோ படைப்பிரிவோ எழுதாதீர்கள். படம் எடுங்கள், ஆனால் அவர் லீவில் இருக்கும்வரை வெளியே போடாதீர்கள். போர்டிங் பாஸ் படத்தை எப்போதும் போடாதீர்கள். அதன் பார்கோடில் பெயரும் முன்பதிவு எண்ணும் இருக்கின்றன.

"எப்ப திரும்பிப் போகணும்?" என்று எடுத்த எடுப்பில் கேட்டுவிடுவார்கள். கூட வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், அந்தக் கேள்வி அன்றைக்கு வேண்டாம் என்று. அங்கே என்ன நடந்தது என்பதும் வேண்டாம். அவராகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளலாம்.

கார் சாவியைக் கேட்பார். கொடுக்காதீர்கள், எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லையோ.

கைக்குழந்தை இருந்தால் அவர் கையில் உடனே திணிக்காதீர்கள். எட்டு மாதத்துக்கு மேல் புதுமுகம் கண்டால் குழந்தை அழுவது இயல்பு. அதை அவரிடம் போனிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் மனசு உடைந்துபோவார். போன லீவில் எங்கள் சின்னவன் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு திரும்பவே இல்லை. அவர் கை நீட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பின் சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் ஒரு சின்ன விரல் நீண்டு அவர் கைக்கடிகாரத்தைத் தொட்டது. வீடு வரும்வரை அவர் அந்தக் கையை அசைக்கவே இல்லை.