கொடியைக் கட்டுவது முதல் மடித்து வைப்பது வரை

சென்னிமலைப் பக்கத்தில் ஒரு பள்ளியில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடி கட்டுவது என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் ஆகஸ்ட் பிறந்தால் தெருக்காரர்கள், பழைய மாணவர்கள் என்று யாராவது போன் பண்ணி, "டீச்சர், கொடி எப்படிக் கட்டுறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். நீளமும் அகலமும் 3:2 விகிதத்தில் இருக்க வேண்டும். வெள்ளைப் பட்டையின் நடுவில் உள்ள சக்கரத்துக்கு 24 ஆரம், அது இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். வீட்டுக்கு 900-க்கு 600 மில்லிமீட்டர் அளவு போதும். 2021 டிசம்பரில் விதியைத் திருத்தியதிலிருந்து பாலியெஸ்டர் கொடியும் ஏற்றலாம். ஆனாலும் நான் கதர்தான் வாங்குவேன். கொடியை விடாமல் பிடித்தபடியே 1932-ல் திருப்பூரில் அடிபட்டு உயிர்விட்ட குமரன் எங்கள் சென்னிமலையில் பிறந்தவர். இந்த ஊரில் இருந்துகொண்டு கொடியை ஏனோதானோ என்று கையாள என்னால் முடியாது.

இனி முடிச்சு. இதில்தான் எல்லோரும் தவிக்கிறார்கள். ஒரு குடியரசு தினத்தில் நான் கட்டிய கொடி உச்சிக்குப் போய் அவிழவே இல்லை. சிறப்பு விருந்தினர் இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. அறுநூறு பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து நின்றார்கள். கடைசியில் கீழே இறக்கி, அவிழ்த்து, மறுபடி ஏற்றினோம். அன்று நான் செய்த தப்பு, கயிற்றின் நுனியை முழுசாக உள்ளே விட்டுக் கட்டியது. கட்ட வேண்டியது உருவாஞ்சுருக்கு.

ஒரு பெஞ்சில் சுத்தமான வேட்டி விரித்து அதன்மேல் கொடியைப் பரப்புங்கள். இரண்டு பேர் வேண்டும், தனியாகச் செய்தால் ஒரு முனை தரையைத் தொட்டுவிடும். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பறக்கும் முனையிலிருந்து, கயிறு கட்டும் நாடா பக்கமாக விசிறி மடிப்பாகக் கொண்டு வாருங்கள். பூ வைப்பதானால் ஒரு கைப்பிடி உதிரி இதழ் போதும், ஈரம் இருக்கக் கூடாது. காவிப் பக்கத்து முனையைக் கம்பத்தில் மேலே இழுக்கும் கயிற்றில் கட்டுங்கள். பச்சைப் பக்கத்து முனையில் கட்டிய கயிறு தரைக்கு வரும். அந்தக் கயிற்றாலேயே பொட்டலத்தை இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவதில் நுனியை நுழைக்காமல் கயிற்றை ஒரு வளையமாக மடித்துச் செருகுங்கள். கீழே ஒரு சுண்டு சுண்டினால் வளையம் உருவி வந்துவிடும்.

இன்னொன்று, பலரும் மறப்பது. ஏற்றிய கயிற்றைக் கம்பத்துக் கொக்கியில் இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். இல்லையென்றால் சுண்டும்போது முடிச்சு அவிழாமல் பொட்டலமே கீழே இறங்கி வரும். முந்தின நாள் சாயங்காலமே கப்பிக்குக் கொஞ்சம் கிரீஸ் போட்டு, ஒரு பழைய துண்டைக் கட்டி ஒத்திகை பாருங்கள். கொடியைக் கட்டியதும் காவி மேலே இருக்கிறதா என்று வேறு ஒருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டியவர் கண்ணுக்குத் தப்பு தெரியாது.

கொடியை விரைந்து ஏற்ற வேண்டும், நிதானமாக இறக்க வேண்டும். சுவரில் நெட்டுக்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவரின் இடது கைப் பக்கம் காவி வர வேண்டும். கொடியில் எழுத்து எதுவும் கூடாது. அதே கம்பத்தில் வேறு கொடியும் கூடாது. 2022 ஜூலையிலிருந்து இரவிலும் பறக்கவிடலாம். அப்படி விட்டால் தினமும் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஓரம் கிழிந்தோ சாயம் போயோ இருந்தால் அன்றே இறக்கிவிட வேண்டும்.

இறக்கும்போது ஒருவர் கயிற்றை விட, இன்னொருவர் இரண்டு கையையும் நீட்டி ஏந்த வேண்டும். அப்புறம் காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில் போக, சக்கரம் மேலே தெரிய மடித்து, உள்ளங்கைகளில் வைத்து எடுத்துப் போங்கள். மழையில் நனைந்திருந்தால் நிழலில் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள்.

நைந்துபோன கொடியைக் குப்பையில் போடாதீர்கள், துடைக்கும் துணியாக்காதீர்கள். தனியிடத்தில் முழுசாக எரித்துவிடுவது முறை. பாலியெஸ்டர் எரிந்தால் புகையும் நாற்றமும் அதிகம். அதை வெள்ளைத் துணியில் சுற்றிப் புதைத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

சட்டையில் குத்தும் காகிதக் கொடியும் கொடிதான். மிட்டாய் வாங்கிய கையோடு பிள்ளைகள் அதைக் கீழே போட்டுவிடுவார்கள், மத்தியானம் மைதானம் முழுக்க மிதிபடும். அதைப் பார்க்கப் பொறுக்காமல், கொடுக்கும்போதே எண்ணிக் கொடுத்து, வாசலில் ஓர் அட்டைப்பெட்டி வைத்துத் திரும்ப வாங்க ஆரம்பித்தேன். முதல் வருடம் மூன்று குறைந்தது. இரண்டை வேலியோரம் கண்டுபிடித்தோம். மூன்றாவதை மறுநாள் ஒரு நாலாம் வகுப்புப் பெண் கணக்கு நோட்டுக்குள் வைத்து, கசங்காமல் கொண்டுவந்தாள். குண்டூசிகளைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு எல்லாவற்றையும் சேர்த்து எரித்தோம். சாம்பலைக் கிணற்றடி வேம்புக்குப் பக்கத்தில் குழி தோண்டி மூடினோம்.