பெங்களூரில் ஐடி வேலை: தேடும் முறையை மாற்றுவது எப்படி?

வேலை அறிவிப்பு வந்த சில மணி நேரத்திலேயே லிங்க்ட்இன்னில் நூற்றுக்கு மேல் விண்ணப்பங்கள் என்று காட்டுகிறது. அந்தக் குவியலில் இன்னொன்றைப் போடுவதால் பெரிய பலன் இல்லை. மூன்று வருடத்துக்குள் அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த வழி.

படி 1: கம்பெனிப் பட்டியலை மாற்றுங்கள்

டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ, அப்புறம் கோரமங்களா ஸ்டார்ட்அப்கள். எல்லார் பட்டியலும் இதுதான். ஆனால் டார்கெட், லோவ்ஸ் போன்ற அமெரிக்கக் கடைக்காரர்களுக்கு மான்யதா டெக் பார்க்கில் பெரிய மென்பொருள் அலுவலகங்கள் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸின் ஆராய்ச்சி மையம் ஒயிட்ஃபீல்டில் இருக்கிறது. ஜிசிசி (வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் வேலைக்காக இங்கே நடத்தும் சொந்த மையங்கள்) என்று சொல்வது இவற்றைத்தான். இவர்களின் கேரியர் பக்கங்களில் நேரடியாக அலர்ட் போடுங்கள். பிடிஎம் லேஅவுட்டில் தங்கியிருப்பவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியையும் சேர்க்கலாம். ஆகஸ்ட் 2025 முதல் மஞ்சள் தட மெட்ரோ ஓடுகிறது, சில்க் போர்டு நெரிசலில் நிற்க வேண்டாம்.

படி 2: நவுக்ரி ப்ரொஃபைல்

நவுக்ரி என்ற வேலைத் தளத்தில் எச்ஆர் சொல்லைப் போட்டுத்தான் ஆள் தேடுகிறார். நீங்கள் ‘டெஸ்டிங்’ என்று மட்டும் எழுதி, அவர் ‘செலினியம்’ என்று டெஸ்டிங் கருவியின் பெயரைப் போட்டுத் தேடினால் கண்ணில் படமாட்டீர்கள். உங்களுக்கு வேண்டிய வேலைக்கான பத்து விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் நிஜமாகத் தெரிந்ததை மட்டும் சேர்த்தால் போதும். வேலை போன பிறகும் நோட்டீஸ் பீரியட் ‘மூன்று மாதம்’ என்றே கிடக்கிறதா? உடனே மாற்றுங்கள். அவசரமாக ஆள் எடுப்பவர்கள் முதலில் வடிகட்டுவதே அதை வைத்துத்தான்.

படி 3: ரெஃபரல்

கம்பெனிக்குள் வேலை செய்யும் ஒருவர் உங்களைப் பரிந்துரைப்பதுதான் ரெஃபரல். என்னைக் கேட்டால் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். “வேலை இருந்தா சொல்லுங்கண்ணா” என்று அனுப்பினால், தேடும் வேலையும் அவர் தலையில் விழுகிறது. பதில் வராது. இப்படி அனுப்பிப் பாருங்கள்:

“வணக்கம் அண்ணா. நான் நம்ம காலேஜ்ல இசிஇ, 2023 பேட்ச். உங்க கம்பெனில பேக்கெண்ட் வேலை ஒண்ணு பார்த்தேன், ஜாப் ஐடி கீழே இருக்கு. அவங்க கேட்கிற ஜாவா, எஸ்க்யூஎல் ரெண்டுலயும் ரெண்டு வருஷம் வேலை செஞ்சிருக்கேன். ரெஸ்யூமே இணைச்சிருக்கேன். பொருத்தமா இருந்தா ரெஃபர் பண்ண முடியுமா?”

கூச்சப்படாதீர்கள். நீங்கள் சேர்ந்தால் அவருக்குப் பல கம்பெனிகளில் போனஸ் கிடைக்கும். ஒன்று முக்கியம்: பதில் வரும்வரை அந்த வேலைக்கு நீங்களாக விண்ணப்பிக்க வேண்டாம். பல இடங்களில், ஏற்கெனவே உள்ளே வந்த ரெஸ்யூமேக்கு ரெஃபரல் செல்லாது.

படி 4: யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

‘பேக்டோர்’ (பணம் வாங்கிக்கொண்டு கொல்லைப்புறமாக வேலை), ‘பதிவுக் கட்டணம்’ என்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். போலி அனுபவச் சான்றிதழும் வேண்டாம். உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வைத்து எந்தக் கம்பெனி எப்போது பிஎஃப் கட்டியது என்று பார்த்துவிடுவார்கள். வேலையில்லாத மாதங்களைப் பற்றிக் கேட்டால், “டீமைக் குறைத்தார்கள், அதில் என் வேலையும் போனது” என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் செய்த ப்ராஜெக்ட்டைத் திறந்து காட்டுங்கள்.