லாவாவில் நுண்படிகம் எண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்துகொண்டிருக்கிறார்கள். மாதிரிப் பையில் எண் எழுதாமல் விடுவது போன்றவை இங்கே வேண்டாம், அவை பழகப் பழகச் சரியாகிவிடும். லாவாவுக்குள் மிதக்கும் மிகச் சிறிய படிகங்கள்தான் நுண்படிகம். அவை கூடினால் லாவா கெட்டியாகும், அதனால்தான் எண்ணுகிறோம். லாவா எப்படி ஓடும் என்ற கணக்கையே புரட்டிப் போடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

வெப்பம் மாறாவிட்டால் ஓட்டமும் மாறாது என்று நினைப்பது

ஹவாயின் மௌனா லோவா 1984 மார்ச் 25 முதல் ஏப்ரல் 15 வரை குழம்பைக் கக்கியது. வாய்ப்பகுதியில் வெப்பநிலை ஏறக்குறைய 1140 டிகிரி செல்சியஸிலேயே நின்றது. நுண்படிகமோ ஒரு சதவீதம்கூட இல்லாத நிலையிலிருந்து மூன்று வாரத்தில் சுமார் 30 சதவீதத்துக்கு ஏறியது. கரைந்திருந்த நீராவி முதலான வாயுக்கள் வெளியேறினால், உருகிய பாறை இன்னும் உயர்ந்த வெப்பத்திலேயே படிகமாகத் தொடங்கிவிடும். அதனால் சூடு குறையாமலேயே குழம்பு கெட்டியானது. கால்வாய்கள் அடைத்துக்கொண்டு கரை தாண்டி வழிந்தன. ஹீலோ நகரை நோக்கி வந்த ஓட்டம் ஊருக்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே நின்றது.

ஆறிப்போன கல்லில் எண்ணுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். என் எட்டு மாத உழைப்பு இதில்தான் போனது.

லாவா ஓட்டம் ஒன்றின் நடுப்பகுதியிலிருந்து உடைத்த, பார்க்க அழகான, திண்மையான கல் கைக்குக் கிடைத்தது. தின் செக்‌ஷன் எனும் மெல்லிய கல் சீவல் வெட்டி, நுண்ணோக்கியில் வைத்து, புள்ளி புள்ளியாக எண்ணினேன். படிகம் 50 சதவீதம். படிக அளவிலிருந்து பாகுத்தன்மையை, அதாவது ஓட மறுக்கும் கெட்டித்தன்மையை, கணக்கிடும் ஐன்ஸ்டீன்–ராஸ்கோ சூத்திரத்தில் போட்டால், படிகமே இல்லாத உருகலைவிட ஏறக்குறைய 90 மடங்கு பாகுத்தன்மை வந்தது. அப்படிப்பட்ட குழம்பு அந்தச் சரிவில் ஊர்ந்துதான் போயிருக்க வேண்டும். ஆனால் களக்குறிப்புகள் அது வேகமாக ஓடியதாகச் சொல்லின. நான் குறிப்புகளைச் சந்தேகித்தேன், சரிவின் அளவைச் சந்தேகித்தேன், கல்லை மட்டும் சந்தேகிக்கவில்லை.

தட்டில் ஆறி, வில்லை போடும் பதத்தில் இருக்கும் மைசூர்பாகைப் பார்த்து, வாணலியிலிருந்து ஊற்றும்போது அது எப்படி விழுந்தது என்று சொல்ல முடியுமா? ஓட்டம் நின்ற பிறகும் அதன் நடுப்பகுதி நாள்கணக்கில் மெல்ல ஆறும். நான் எண்ணிய படிகங்களில் பெரும்பாலானவை அந்த ஓய்வில் வளர்ந்தவை. அதே ஓட்டத்தின் சட்டென்று ஆறிய, கண்ணாடி போன்ற மேல்தோலை அப்புறம் எண்ணியபோது 12 சதவீதம்தான் இருந்தது. பாகுத்தன்மை இரண்டு மடங்குகூட ஏறவில்லை.

களத்தில் சுத்தியல் தலையை ஓடும் லாவாவில் அமுக்கி, ஒட்டியதை உடனே வாளித் தண்ணீரில் போடுவது இதற்காகத்தான். மிச்ச உருகல் சட்டென்று கண்ணாடியாக இறுகிவிடும், அந்தக் கணத்தில் இருந்த படிகங்கள் அதற்குள் அப்படியே உறைந்து நிற்கும். மாதிரியைக் காற்றில் ஆறவிட்டுவிட்டு அப்புறம் தண்ணீரில் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தாமதத்திலேயே புதுப் படிகம் முளைத்துவிடும். பெட்டியில் இருக்கும் மாதிரி எப்படிக் குளிர்விக்கப்பட்டது என்று தெரியாவிட்டால், பாகுத்தன்மைக் கணக்குக்கு அதைத் தொடவே வேண்டாம்.

குமிழிகளின் பரப்பையும் சேர்த்து வகுப்பது

படிகத்தின் பங்கைக் கணக்கிடும்போது, மொத்தப் பரப்பிலிருந்து குமிழிகளின் பரப்பைக் கழித்துவிட்டு வகுங்கள்.

முழுக் கல்லின் வேதியியலை உருகலுக்குப் போடுவது

படிகம் வளர வளர மிச்ச உருகலில் சிலிக்கா கூடும், அதன் பாகுத்தன்மையும் ஏறும். அந்த உருகல் உறைந்த கண்ணாடியின் வேதியியலைத் தனியாக அளக்க வேண்டும்.

எல்லாப் படிகமும் உருண்டை என்று கொள்வது

ஐன்ஸ்டீன்–ராஸ்கோ சூத்திரத்தில் 0.6, அதாவது 60 சதவீதம், என்று ஒரு எண் வரும். உருண்டைத் துகள்கள் அந்த அளவு நெருங்கினால் ஒன்றையொன்று முட்டி ஓட்டம் நின்றுவிடும் என்பது அதன் பொருள். பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறையில் பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம் பட்டைபட்டையாக, ஊசியாக வளர்கிறது. ஊசிகள் இன்னும் குறைந்த அளவிலேயே ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். 30 சதவீதப் படிகத்துக்கு 0.6 போட்டால் பாகுத்தன்மை சுமார் 6 மடங்கு, 0.4 போட்டால் 32 மடங்கு. ஆகவே ஊசிகள் தென்பட்டால் நீள அகல விகிதத்தை முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், எண்ணுவது அப்புறம்.