வியன்னாவின் பேரரசு மாளிகைகளைப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

வியன்னாவுக்குச் செல்பவர்களில் பலர் ஹோஃப்பர்க், ஷான்புரூன் ஆகிய இரு அரண்மனைகளையும் ஒரே நாளில் பார்த்து முடித்துவிட முயல்கிறார்கள். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பத்துப் பேரரசர்கள் குளிர்காலத்தில் நகரின் நடுவிலுள்ள ஹோஃப்பர்க்கிலும், கோடையில் ஷான்புரூனிலும் வாழ்ந்தார்கள். அவர்கள் பருவம் பிரித்து வாழ்ந்த இடங்கள் ஒவ்வொன்றுக்கும் நாமும் ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். அருங்காட்சியகங்களுக்கு மூன்றாவது நாள் வேண்டும்.

ஷான்புரூனில் தொடங்குவது நல்லது. நுழைவுச் சீட்டில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், காலையின் முதல் நேரத்தை இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு, யூ4 மெட்ரோவில் ஏறி அரண்மனையின் பெயரையே தாங்கிய நிலையத்தில் இறங்குங்கள். அங்குள்ள 1,441 அறைகளில் சுமார் 40 அறைகளே பார்வையாளர்களுக்கு உரியவை. சிறிய சுற்று, பெரிய சுற்று என்று இருப்பவற்றில் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் பெரியதையே தேர்ந்தெடுங்கள். ஏனெனில் மிகச் சிறந்த அறைகள் அதில்தான் வருகின்றன. அவற்றில் ஒன்றான ‘மில்லியன் அறை’யில், முகலாயர் காலத்து இந்தியச் சிற்றோவியங்களை வெட்டி ஒட்டி, பொன்முலாம் பூசிய சட்டங்களுக்குள் அமைத்து, ஈட்டி மரப் பலகைகளில் பதித்திருக்கிறார்கள். நம் நாட்டு ஓவியர்களின் நுண்ணிய வேலைப்பாடு 18ஆம் நூற்றாண்டு ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரசாவின் அரண்மனைச் சுவரில் இப்படித் துண்டு துண்டாகப் பதிந்திருப்பதைக் காணும்போது வியப்பும் வருத்தமும் ஒருசேர எழும். நீலச் சீன அறையில்தான் 1918 நவம்பர் 11 அன்று கடைசிப் பேரரசரான முதலாம் கார்ல் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகும் அறிக்கையில் கையெழுத்திட்டார். பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1830இல் பிறந்ததும் 1916இல் இறந்ததும் இதே மாளிகையில்தான். அவருடைய எளிய இரும்புக் கட்டிலைத் தவறவிடாதீர்கள். பின்புறப் பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. குன்றின் மேல் 1775இல் எழுப்பப்பட்ட குளோரியெட் மண்டபம் வரை ஏறினால் நகரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் ஹோஃப்பர்க். இங்கே சீட்டு வாங்கும்போது கவனம் தேவை. பேரரசரின் வசிப்பிடங்களும், ‘சிசி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட, பிரான்ஸ் ஜோசப்பின் மனைவி எலிசபெத் பேரரசியின் சிசி அருங்காட்சியகமும் ஒரு நிர்வாகத்தின் கீழும், கருவூலம் வேறொரு நிர்வாகத்தின் கீழும் இருக்கின்றன. ஆகவே ‘சிசி சீட்டு’ ஷான்புரூனுக்கும் இந்த வசிப்பிடங்களுக்கும் செல்லும், கருவூலத்துக்குச் செல்லாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டென்றால் கருவூலத்துக்கே செல்லும்படி சொல்வேன். புனித ரோமப் பேரரசின் எண்கோண மணிமுடி அங்கே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான பழைமை உடைய அதன் கற்கள் பட்டை தீட்டப்படாதவை. அதனால் பளிச்சென்று மின்னாமல் உள்ளிருந்து ஒளிர்வது போலத் தோன்றும். வசிப்பிடங்களில், எலிசபெத் தம் அறையிலேயே உடற்பயிற்சி செய்த வளையங்களையும் மரச்சட்டங்களையும் பாருங்கள்.

விடுமுறை நாள்களைச் சரிபார்க்காமல் திட்டமிடக் கூடாது. கருவூலமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் பொதுவாகச் செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும். கலை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஆண்டின் பெரும்பகுதியில் திங்கட்கிழமை விடுமுறை. ஹாப்ஸ்பர்க் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த ஓவியங்களுக்காக 1891இல் திறக்கப்பட்ட இந்தக் கலை அருங்காட்சியகத்தில், எல்லாக் கூடங்களையும் சுற்றிக் களைப்பதைவிட பீட்டர் புரூகலின் அறையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பது மேல். அவருடைய ஓவியங்கள் இத்தனை ஓரிடத்தில் வேறெங்கும் இல்லை. 1565இல் அவர் வரைந்த, பனியில் திரும்பும் வேட்டைக்காரர்களின் களைத்த நடையைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கப்புச்சின் தேவாலயத்தின் அடியிலுள்ள அரச குடும்பக் கல்லறையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வாழ்ந்த அறைகளைப் பார்த்த பிறகு சென்றால்தான் பெயர்களுக்கு முகம் இருக்கும். மரியா தெரசாவும் அவர் கணவரும் ஒருவரையொருவர் நோக்கி எழுந்து அமர்வதைப் போன்ற சிற்பங்களுடன் அவர்களது பேழை மிகப் பெரியதாக நிற்கிறது. அதன் முன்னால், எந்த அலங்காரமும் இல்லாத செப்புப் பெட்டியில் அவர்களுடைய மகன் இரண்டாம் ஜோசப் கிடக்கிறார்.