கடைக்குப் போய் வந்தால் கூடுதல் வருமானம்

ஊழியர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள் என்று அறிய, பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளர் போல ஆள் அனுப்புவதுண்டு. மிஸ்டரி ஷாப்பிங் என்பது இதுதான்.

நாகர்கோவில்காரர்கள் இந்த வேலைக்குப் பதிவு செய்யும்போது மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பின்கோடுகளையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரே ஊரை நம்பினால் வேலை அபூர்வமாகத்தான் வரும். சம்பளமாக நினைக்காதீர்கள், கைச்செலவுக்கு ஆகும், அவ்வளவுதான்.

கடையில் நின்று குறிப்பெடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெளியே வந்ததும் நுழைந்த நேரம், ஊழியர் பெயர், அவர் சொன்னது எல்லாவற்றையும் போனில் எழுதிவிடுங்கள். பில் பத்திரம், அது இல்லாவிட்டால் பொருளுக்குக் கொடுத்த பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று கேட்டால் அது மோசடிதான். ஏமாந்து அனுப்பியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.