குளுக்கோஸ் வரையும்போது சறுக்கும் இடங்கள்

குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், காலக்டோஸ் மூன்றுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றுதான்: 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். அதனால் வாய்பாட்டை வைத்து எந்தச் சர்க்கரை என்று சொல்லவே முடியாது. கார்பனைல் தொகுதி (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்) எங்கே இருக்கிறது, எந்தக் கார்பனில் ஹைட்ராக்சில் (OH தொகுதி) எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பலரும் தடுமாறுவது ஃபிஷரின் நேர்சங்கிலிப் படத்தை (கார்பன்களை மேலிருந்து கீழாக வரைவது) ஹாவொர்த்தின் வளையமாக (மூடிய வடிவத்தைப் படுக்கையாக வரைவது) மாற்றும்போது. வலப்பக்கம் இருப்பது கீழே, இடப்பக்கம் இருப்பது மேலே: விதி இவ்வளவுதான். டி-குளுக்கோஸில் மேலிருந்து எண்ணினால் 2, 3, 4-ஆம் கார்பன்களின் ஹைட்ராக்சில்கள் வலம், இடம், வலம். வளையத்தில் அவை கீழ், மேல், கீழ். இதுவரை யாரும் தவறுவதில்லை. 5-ஆம் கார்பனிலும் ஹைட்ராக்சில் வலப்பக்கம்தானே என்று அதையும் கீழே போட்டுவிடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். அந்த ஹைட்ராக்சில் இப்போது தனியாக இல்லை. அதன் ஆக்சிஜன்தான் 1-ஆம் கார்பனோடு சேர்ந்து வளையத்தை மூடியது. அதனால் 5-இல் மேலே 6-ஆம் கார்பனும் கீழே ஹைட்ரஜனும் வரும். மீதி எல்லாம் அப்படியே இருக்க, 4-ஆம் கார்பனின் ஹைட்ராக்சிலை மட்டும் மேலே திருப்பினால் அது காலக்டோஸ். ஒரு கை தவறினால் சர்க்கரையே மாறிவிடும்!

1-ஆம் கார்பனின் ஹைட்ராக்சில் கீழே இருந்தால் ஆல்பா, மேலே இருந்தால் பீட்டா. தண்ணீரில் இரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஏறக்குறைய 36 சதவீதம் ஆல்பா, 64 சதவீதம் பீட்டா என்று நிலைக்கும். திறந்த சங்கிலி ஒரு சதவீதம்கூட இருக்காது. ஆகவே ‘கரைசலில் குளுக்கோஸ் நேர்சங்கிலியாக இருக்கிறது’ என்று எழுதுவது தவறு.

டி என்றால் வலஞ்சுழி, அதாவது தளமுனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்புவது, என்று நினைப்பது பழைய குழப்பம். டி, எல் என்பது கார்பனைல் தொகுதியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சீர்மையற்ற கார்பனை (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்த கார்பன்) பார்த்து வைத்த பெயர். ஒளியை எந்தப் பக்கம் திருப்பும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. டி-ஃபிரக்டோஸ் ஒளியை இடப்பக்கம்தான் திருப்புகிறது.

ஃபிரக்டோஸ் என்றாலே ஐந்து மூலை வளையம் வரைகிறோம். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இணைந்த சுக்ரோஸுக்குள் அது சரி. தனியாகத் தண்ணீரில் கரைந்த ஃபிரக்டோஸ் பெரும்பாலும் ஆறு மூலை வளையமாகத்தான் இருக்கிறது. சுக்ரோஸின் வாய்பாட்டை இரண்டு சர்க்கரைகளையும் கூட்டி 24 ஹைட்ரஜன், 12 ஆக்சிஜன் என்று எழுதுபவர்களும் உண்டு. இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுவதால் 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன்.